பள்ளத்தில் இறங்கிய ஓடையை மேலேற்றுவது: பிரிட்ஜ் கிரீக் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மிட்செல் என்ற சிற்றூர் வழியாக வடக்கே ஓடி ஜான் டே ஆற்றில் கலக்கிறது பிரிட்ஜ் கிரீக். நீர்ப்பிடிப்புப் பரப்பு சுமார் 710 சதுர கி.மீ. வறண்ட மேட்டுநிலம். பனி உருகும் இளவேனிலில் பெருக்கெடுக்கும். கோடையில் இடிமழை பெய்தால் திடீர் வெள்ளம் வரும். மற்ற நாட்களில் நடந்தே கடந்துவிடலாம். இந்த ஓடையின் கீழ்ப்பகுதி தன் பழைய வெள்ளச்சமவெளியிலிருந்து இறங்கி, செங்குத்தான மண்சுவர்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. மேலே கைவிடப்பட்ட சமவெளியில் நிலத்தடி நீர் வேருக்கு எட்டாமல் போனதால் வில்லோ மரங்கள் மறைந்து, வறள்நிலப் புதர்கள் பரவின.

ஓடை இறங்கியதற்குப் பின்னால் நெடிய வரலாறு உண்டு. 1820களில் ஹட்சன் பே கம்பெனியின் வேட்டைக் குழுக்கள் தோலுக்காக இந்த வட்டாரத்தில் பீவர்களைப் பிடித்தன. பீவர் என்பது மரத்தைக் கொறித்து வீழ்த்தி ஓடையின் குறுக்கே அணை கட்டும் பெரிய கொறிவிலங்கு. பீவர்கள் குறைந்ததும் பழைய அணைகளைப் பழுதுபார்க்க ஆளில்லை. அடுத்து வந்த மாட்டு மேய்ச்சல் கரையோரச் செடிகளை அழித்தது. கரையைக் கட்டிப் பிடித்திருந்த வேரும் போய், நீரைத் தடுத்து நிறுத்தியிருந்த கட்டையும் போனபின், படுகையில் ஒரு படி விழும். நீர் அந்தப் படியின் மேல் விளிம்பை அறுத்துக்கொண்டே இருப்பதால், படி மேல்நோக்கி நகர்ந்து, கடந்த இடமெல்லாம் படுகையைத் தாழ்த்தும். தலைவெட்டு என்று இதைச் சொல்லலாம்.

பள்ளம் ஒருமுறை உருவாகிவிட்டால் அது தன்னைத்தானே காத்துக்கொள்ளும். சீரமைப்பில் இறங்கும் பலர் இந்த இடத்தைத்தான் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வினாடிக்கு 10 கன மீட்டர் வெள்ளம், 100 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு. 9,810 (ஒரு கன மீட்டர் நீரின் எடை, நியூட்டனில்) × 10 × 0.01 என்று பெருக்கினால், ஓடையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் 981 வாட் திறன் செலவாகிறது. பள்ளத்தின் அடி 5 மீட்டர் அகலம் என்றால் சதுர மீட்டருக்கு 196 வாட். அதே வெள்ளம் 50 மீட்டர் அகலச் சமவெளியில் பரவினால் 20 வாட்டுக்கும் குறைவு. படுகையை இழுக்கும் விசையும் அப்படியே: 1.5 மீட்டர் ஆழத்தில் 147 பாஸ்கல், ஏறக்குறைய 20 செ.மீ. கல்லை உருட்டிவிடும். 0.3 மீட்டர் ஆழத்தில் 29 பாஸ்கல்தான், 4 செ.மீ. சரளையைத் தாண்டி எதையும் அசைக்காது. முன்பு வண்டலை இறக்கிவிட்டுப் போன அதே வெள்ளம், பள்ளத்துக்குள் அடைபட்டதும் வண்டலை வாரிக்கொண்டு போகிறது. ஓடை மேலே வரவேண்டுமென்றால் வண்டல் தங்க வேண்டும்; வண்டல் தங்க வேண்டுமென்றால் வெள்ளம் அகலமாகப் பரவ வேண்டும்.

பீவர்கள் இருந்தும் ஓடை ஏன் மீளவில்லை?

பிரிட்ஜ் கிரீக்கை ஆய்வுக்கு ஏற்ற இடமாக்கியது இந்தக் கேள்விதான். மேய்ச்சல் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது, பீவர்கள் திரும்பியிருந்தன, அணைகளும் கட்டின. 1988 முதல் 2004 வரை ஓடையின் 25.4 கி.மீ. நீளத்தில் எடுத்த கணக்கில், அணைகளின் எண்ணிக்கை ஓராண்டில் 9 ஆகவும் இன்னோர் ஆண்டில் 103 ஆகவும் இருந்தது. பெரும்பாலான அணைகள் இரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை. கரையில் தடித்த மரம் இல்லை. கிடைத்த மெல்லிய வில்லோ விளார்களைக் கொண்டு கட்டிய அணையைக் குறுகிய பள்ளத்தின் வெள்ளம் உடைத்துவிட்டது. அணை உடைந்தால் குளம் வடியும், குளம் வடிந்தால் வில்லோ வளராது, வில்லோ இல்லாமல் அடுத்த அணையும் மெலிந்ததாகவே இருக்கும்.

உடையாமல் நின்ற சில அணைகள் வேறொன்றைக் காட்டின. 2007இல் வெளியான அளவீடுகளின்படி, அணையின் மேல்புறத்தில், அதாவது நீர் வந்து சேரும் பக்கத்தில், படுகை தொடக்கத்தில் ஆண்டுக்கு 0.47 மீட்டர் வரை உயர்ந்தது. ஆறாம் ஆண்டில் வேகம் ஆண்டுக்கு 0.075 மீட்டராகக் குறைந்தது. குளம் நிரம்ப நிரம்ப நீரின் ஆழம் குறைந்து வேகம் கூடுவதால் இந்தத் தளர்ச்சி இயல்பானதே. அந்தக் கட்டத்தில் பீவர் அணையை உயர்த்த வேண்டும், அல்லது புதிய அணை கட்ட வேண்டும். வண்டலுக்கு இங்கே பஞ்சமில்லை. சுற்றியுள்ள எரிமலைச் சாம்பல் களிமண் குன்றுகள் ஒவ்வொரு மழைக்கும் கரைந்து ஓடைக்கு வருகின்றன. இல்லாதிருந்தது ஒன்றே ஒன்று: அணை நான்கைந்து வெள்ளம் தாங்கி நிற்பதற்கு ஒரு முதுகெலும்பு.

அதைக் கொடுப்பதே திட்டம். 2009 முதல் 2012 வரை நான்கு பகுதிகளில், மொத்தம் சுமார் 3.4 கி.மீ. நீளத்தில், 121 செயற்கை பீவர் அணைகள் கட்டப்பட்டன. சராசரியாக 28 மீட்டருக்கு ஒன்று. சில இடங்களில் முழு அணை. சில இடங்களில் முளை (படுகையில் அடித்து இறக்கும் கூரான மரக்கட்டை) வரிசை மட்டும், மீதியைப் பீவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று. சில இடங்களில் முளை வரிசையோடு விளார்ப் பின்னல். ஏற்கெனவே பீவர் வாழும் அணைகளுக்கும், கைவிட்டுப் போன அணைகளுக்கும் முளையடித்து வலுவூட்டியதும் உண்டு. ஒவ்வோர் அணையையும் தனித்தனியாக வலுப்படுத்துவதைக் காட்டிலும், நெருக்கமாக நிறையக் கட்டுவதே அறிவானது. ஒன்று போனாலும் அதற்கு மேலுள்ளதன் அடியைக் கீழுள்ளது காக்கும்.

ஓர் அணை எழும் விதம்

இந்த வகை அணைக்குக் காங்கிரீட்டோ கம்பியோ தேவையில்லை. வேலையின் பக்குவம் எல்லாம் அடியிலும் முடியிலும் இருக்கிறது.

முதலில் முடிமட்டம். மட்டக்கருவி வைத்து, சாதாரண நாள் ஓட்டத்திலேயே நீர் பக்கத்திலுள்ள தாழ்ந்த மேடைக்கு வழியும்படி உயரத்தைக் குறிக்க வேண்டும். 1 சதவீதச் சரிவில் 60 செ.மீ. உயரமுள்ள அணையின் தேக்கம் மேல்நோக்கி 60 மீட்டர் போகும். மேலே வரும் அடுத்த அணையை 40 முதல் 50 மீட்டருக்குள் வைத்தால், அதன் அடியில் எப்போதும் நீர் நிற்கும். விழும் நீர் வெறும் படுகையில் மோதாமல் தேங்கிய நீரில் விழும். இந்த ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தாலே அடி அரிப்பு குறையும்.

முளைகள் 7 முதல் 10 செ.மீ. விட்டமும் ஏறக்குறைய 2 மீட்டர் நீளமும் கொண்ட ஊசியிலை மரக்கட்டைகள். மருந்து ஏற்றாதவையாக இருக்க வேண்டும். சில ஆண்டுகளில் மக்கிப் போவதுதான் நோக்கம். ஒரு முனையைக் கூராக்கி, ஹைட்ராலிக் முளையடிப்பானால் படுகைக்குள் சுமார் 1 மீட்டர் இறக்குவார்கள். இடைவெளி 30 முதல் 50 செ.மீ. அடிமட்டத்தில் 8 மீட்டர் அகலமுள்ள ஓடைக்கு, இருகரையிலும் 1 மீட்டர் உள்ளே நீட்டினால் வரிசை 10 மீட்டர், 40 செ.மீ. இடைவெளிக்கு 26 முளை வேண்டும். பெருங்கல் படுகையில் முளை அரை மீட்டருக்குமேல் இறங்கவில்லை என்றால், அந்த இடத்தைக் கைவிட்டு நான்கைந்து மீட்டர் தள்ளிப் பார்ப்பது நல்லது. பாதி இறங்கிய முளை முதல் வெள்ளத்தில் ஆட்டங்கண்டு தன்னைச் சுற்றிக் குழி பறித்துக்கொள்ளும்.

அடுத்து பின்னல். விரல் பருமன் முதல் பெருவிரலின் இரு மடங்கு வரையுள்ள பச்சை வில்லோ விளார்களை, படல் பின்னுவதுபோல ஒரு முளைக்கு முன்னும் அடுத்ததற்குப் பின்னுமாக நுழைக்க வேண்டும். பின்னலைப் படுகைக்கு மேலிருந்து தொடங்கவே கூடாது. முளை வரிசையின் மேல்புறத்தில் 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்கு ஒரு சால் தோண்டி, முதல் இரண்டு மூன்று அடுக்கு விளார்களை அந்தச் சாலுக்குள் மிதித்து அமுக்க வேண்டும். பத்துக் கை விளார் போட்டதும் ஏறி நின்று மிதிக்க வேண்டும். கையால் அமுக்கினால் போதவே போதாது.

மேல்புறத்தை அடைப்பதிலும் வரிசை முக்கியம். முதலில் தலையளவுக் கற்கள் அடியை ஒட்டி. அவற்றின் இடுக்கில் சரளை. அதன்மேல் வேரோடு பெயர்த்த புல்கட்டி, களிமண், இலைதழை. குறுக்குவெட்டில் மேல்புறம் சாய்ந்த முக்கோணமாக வரவேண்டும். சேற்றை மட்டும் அப்பினால் ஒரே இரவில் கரைந்துவிடும். நாரும் சேறும் மாறி மாறி வரவேண்டும். கீழ்ப்புறத்தில், கொப்புகளின் அடிப்பாகத்தைப் பின்னலுக்குள் செருகி, நுனி ஓட்டத்தின் திசையில் இருக்கும்படி ஒரு மெத்தை விரிக்க வேண்டும். வழியும் நீர் அந்த மெத்தையில் விழுந்து சிதறும்.

கடைசியாக முடி. முளைத்தலைகளை ஒரே மட்டத்தில் அறுத்து, பின்னலையும் அதே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். நீர் முழு அகலத்திலும் மெல்லிய படலமாக வழிந்தால் வேலை சரி. எங்காவது ஒரு கையகலம் தாழ்ந்திருந்தால் நீர் அங்கே குவிந்து, முதலில் விளாரை இழுக்கும், பிறகு களிமண்ணை, பிறகு முளையை. நீர் கசிவதைக் கண்டு பதற வேண்டாம். கசிவு இயல்பானது, கலங்கலாக, மண்ணோடு வரும் கசிவைத்தான் அன்றே அடைக்க வேண்டும்.

வெள்ளம் வந்தபின்

முதல் பெருக்குக்குப் பிறகு அணைகளைப் பார்க்கப் போனால் மூன்று விதமான சேதம் தெரியும். அடியில் நீர் புகுந்து குளம் வடிந்திருக்கும்: பின்னலுக்கான சால் சரியாகத் தோண்டப்படாதது, அல்லது கீழ்ப்புற மெத்தை இல்லாதது. நடுவில் உடைந்திருக்கும்: முடி சமமாக இல்லை, அல்லது கீழ் அணையின் தேக்கம் எட்டவில்லை. ஓரத்தில் கரையை அறுத்துக்கொண்டு நீர் சுற்றிப் போயிருக்கும்.

மூன்றாவதை மட்டும் தோல்விக் கணக்கில் எழுத அவசரப்படக் கூடாது. குறுகிய பள்ளத்தில் ஓடை மேலே ஏறுவதற்கு முன் அகலமாக வேண்டும் என்பது படுகை மாற்றத்தின் அறியப்பட்ட வரிசை: இறங்கும், கரைகள் சரிந்து அகலும், சரிந்த மண் படிந்து படுகை உயரும், கடைசியில் தாழ்ந்த மட்டத்திலேயே ஒரு புதிய சமவெளி உருவாகும். கரையை அறுத்த அணை அந்த அகலத்தைச் சம்பாதித்துக் கொடுக்கிறது. அறுந்து விழுந்த மண் 30 மீட்டர் கீழே அடுத்த அணையில் படிகிறது. பீவர் அணை இல்லாமல் இந்த வரிசை தானாக முடிய நெடுங்காலம் பிடிக்கும். அணைகள் அந்தக் காலத்தைச் சுருக்குகின்றன. ஆகவே ஓரம் அறுபட்ட இடத்தில் அணையைப் பழைய இடத்துக்கே நீட்டி அடைப்பதா, விடுவதா என்ற முடிவை, பள்ளத்தின் அகலத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பள்ளத்தின் அடி ஓடையின் அகலத்தைப்போல இரண்டு மடங்குகூட இல்லை என்றால் விட்டுவிடலாம். ஏற்கெனவே அகன்றிருக்கும் இடத்தில் நீட்டி அடைக்க வேண்டும். அங்கே நமக்கு வேண்டியது உயரம்.

ஓடைக்குப் பக்கத்தில் சாலையோ பாலத்தின் தூணோ வீடோ இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. கரை நகர இடமில்லாத இடத்தில் இந்த முறையைக் கையில் எடுக்கவே கூடாது.

கிடைத்தவை

கட்டிய அணைகளைப் பீவர்கள் ஏற்றுக்கொண்டன. அடைத்தன, உயர்த்தின, பக்கத்தில் சொந்தமாகவும் கட்டின. குளங்கள் பெருகின, நீர் கிளைக்கால்களில் பிரிந்து ஓடியது, கரையோர நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. பகலுக்கும் இரவுக்கும் இடையில் ஓடையின் வெப்பநிலை ஏறி இறங்கும் அளவு குறைந்தது. அணையில் தேங்கிய நீரில் ஒரு பகுதி கரைமண்ணுக்குள்ளும் படுகைக்குள்ளும் புகுந்து, கீழே குளிர்ந்த ஊற்றாக வெளிவருவது இதற்கு ஒரு காரணம். நீரின் கொள்ளளவு கூடியது இன்னொன்று.

மீனில் தெரிந்த மாற்றம்தான் இந்த ஆய்வைப் பரவலாக அறியச் செய்தது. ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய் வளர்ந்து முட்டையிட ஓடைக்குத் திரும்பும் மீன். இந்த வட்டாரத்தின் ஸ்டீல்ஹெட் 1999இல் அமெரிக்காவின் அருகிவரும் உயிரினச் சட்டத்தின்கீழ் அச்சுறுத்தலுக்குள்ளானது என்று பட்டியலிடப்பட்டது. குஞ்சுகளின் உடலில் சிறு மின்னணுக் குறிகள் பொருத்தி, அணை கட்டாத மர்டரர்ஸ் கிரீக் என்ற ஓடையோடு ஒப்பிட்டார்கள். 2016இல் வெளியான முடிவின்படி குஞ்சுகள் பிழைக்கும் விகிதம் 52 சதவீதமும், மீன் உற்பத்தி 175 சதவீதமும் கூடியிருந்தன. குஞ்சுகள் கீழே போவதையும் முட்டையிட வரும் பெரிய மீன்கள் மேலே போவதையும் அணைகள் தடுக்கவில்லை. மீன் போகும் வழிக்குக் குறுக்கே அணையா என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் இந்த அணைகள் தாழ்ந்தவை, ஓட்டைகள் உள்ளவை, பக்கவாட்டில் கிளைக்கால் விடுபவை. அடியில் மடு இருப்பதால் மீன் எம்பித் தாண்டவும் முடிகிறது.

அழகாக வரைந்த வளைவுகள்

ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் ஓடை. கலிபோர்னியாவில் கில்ராய் அருகே யூவஸ் கிரீக்கின் ஏறக்குறைய 900 மீட்டர் நீளத்தை, 1995 நவம்பரில் இயந்திரம் கொண்டு தோண்டி, சீரான வளைவுகளாக அமைத்தார்கள். வளைவின் வெளிக்கரைகளைக் கட்டையாலும் பாறையாலும் கட்டினார்கள். 1996 பிப்ரவரி வெள்ளத்தில் அது அடித்துக்கொண்டு போனது. பிறகு பழைய பதிவுகளைப் பார்த்தபோது, அந்த ஓடை அடிக்கடி இடம் மாறும், பல கால்களாகப் பிரியும், சரளை மிகுந்த ஓடையாகவே இருந்தது தெரிந்தது. ஒரே கால்வாயாக வளைந்து நெளிந்து அமைதியாக ஓடும் வடிவம் அதற்கு உரியதே அல்ல.

பிரிட்ஜ் கிரீக்கிலும் அணைகள் உடைந்தன. ஆனால் அங்கே யாரும் ஓடையின் இறுதி வடிவத்தை வரையவில்லை; எந்த அணையும் நிரந்தரமாக நிற்கும் என்று எண்ணவும் இல்லை. உடைந்த அணையின் விளார் கீழ் அணையில் சிக்கியது, மண் அங்கே படிந்தது. யூவஸ் கிரீக்கில் நிலையாக நிற்க வேண்டியது வடிவம். அது போனதும் திட்டமே போனது.

இதை வேறோர் ஓடைக்குக் கொண்டுபோகுமுன் மூன்று கேள்விகளுக்கு நேரான விடை வேண்டும். வண்டல் வருகிறதா? மேலே அணைக்கட்டு இருந்து தெளிந்த நீர் மட்டும் வந்தால், குளம் நிற்கும், படுகை உயராது. அங்கே சரளையை வெளியிலிருந்து கொட்ட வேண்டியிருக்கும். பராமரிக்க யார் இருக்கிறார்கள்? பீவர் இல்லாத நிலத்தில் அந்த வேலை மனிதரின் கைக்கு வருகிறது: ஒவ்வொரு பெருக்குக்குப் பிறகும் ஒரு சுற்று, குறைந்தது ஐந்து ஆண்டு. மேய்ச்சல் நின்றுவிட்டதா? உயர்ந்த நீர்மட்டத்தால் துளிர்க்கும் முதல் வில்லோக் குருத்தைத்தான் மாடு முதலில் மேயும். வேலி போடாமல் அணை கட்டுவது பணத்தை நீரில் விடுவதற்குச் சமம்.

அளவீட்டைக் கட்டுவதற்கு முந்தைய ஆண்டே தொடங்க வேண்டும். ஓடையின் நீளவாக்கு மட்டம், அணைக்கு மேலும் கீழுமாக நிலையான கல் நட்டுக் குறித்த குறுக்குவெட்டுகள், ஒரே இடத்திலிருந்து எடுக்கும் படங்கள், கரையிலிருந்து 5, 15, 30 மீட்டர் தள்ளித் துளையிட்டு இறக்கிய நீர்மட்டக் குழாய்கள், மணிக்கொரு முறை பதியும் வெப்பமானிகள். இவற்றில் ஒன்றை மட்டுமே செய்ய முடியும் என்றால் நீர்மட்டக் குழாயைத் தேர்ந்தெடுப்போம். படுகை ஒரு செ.மீ. உயருமுன்னே அது மாற்றத்தைக் காட்டிவிடும்.

மூன்றாம் ஆண்டில் ஒரு முடிவெடுக்க வேண்டிவரும். குளம் வண்டலால் நிரம்பி, நீர் அணைமுடியில் வேகமாக வழியும்போது, பழைய முளைகளுக்கு மேலேயே உயரத்தைக் கூட்டத் தோன்றும். அப்படிச் செய்யாமல், படிந்த புதிய மண்ணில் சில மீட்டர் மேலே இரண்டாவது வரிசை முளை இறக்குவதே மேல். பழைய வரிசை அதன் கீழ்ப்புற மெத்தையாக மாறும். இரண்டுக்கும் நடுவிலுள்ள ஈரமண்ணில் விரல் பருமனுள்ள பச்சை வில்லோக் கொம்புகளை, நிலத்தடி நீரைத் தொடும் ஆழத்துக்கு, ஓர் அடிக்கு ஒன்றாக நட்டுவிட வேண்டும். கீழ் வரிசையின் முளைகள் மக்கும்போது அந்த வேர்கள் மண்ணைப் பிடித்திருக்கும்.